ஆறரை மணி அம்மா

விடுதியில் எல்லோரும் ரேடியோ என்று கூப்பிட்ட அந்தப் பெண், கல்லூரிக்கு வந்த முதல் நாள் தன் கட்டிலைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டாள். வீட்டு ஞாபகம் வந்துவிட்டதாக்கும் என்று வார்டன் அம்மா முதுகைத் தட்டிக்கொடுத்தார். அப்படி ஒன்றும் இல்லை. பதினேழு வயது வரைக்கும் அவள் ஒரு கட்டிலில் தனியாகப் படுத்ததே கிடையாது. ஐந்து பெண்கள் பிறந்த வீட்டில் நான்காவது பெண். ஒருத்தி புரண்டு படுத்தால் ஐந்து பேரும் புரண்டு படுக்க வேண்டும், அவ்வளவுதான் இடம். இங்கே என்னடாவென்றால் இரும்புக் கட்டில் ஒன்று, சுவர் அலமாரி ஒன்று, அலமாரிக்குப் பூட்டு ஒன்று, பூட்டுக்குச் சாவி ஒன்று. எல்லாம் தனக்கே தனக்கு. அழுகை வராமல் என்ன செய்யும்?

பக்கத்துக் கட்டிலிலும் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுதது நேர் எதிரான காரணத்துக்கு. வீட்டுக்கு ஒரே பெண். தனி அறை, தனி மேசை, தான் படிக்கும்போது டிவியைக்கூட அணைத்துவிடுகிற அம்மா என்று வளர்ந்தவள். மாடிக்கு நாற்பது பேர், நாலே நாலு குளியலறை என்று கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"ஆளுக்கு ஏழு நிமிஷம்னு வெச்சாக்கூட கடைசி ஆளு எழுபதாவது நிமிஷந்தான் வெளிய வருவா. அதுக்குள்ள முதல் பீரியடே முடிஞ்சிடும்!"

அவளுக்கு அந்த நிமிஷமே கணக்கு என்று பேர் விழுந்தது. படிக்க வந்ததும் கணிதம்தான் என்பதால் பேர் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. மூன்றாவது கட்டில்காரி இந்த ரகளை எதையும் பார்க்கவில்லை. பெட்டியைக்கூடப் பிரிக்காமல் தூங்கிப்போயிருந்தாள். அவளைத் தூங்குமூஞ்சி என்றார்கள். பரீட்சை நாட்கள் தவிர அவள் இந்தக் கதையில் அனேகமாகத் தூங்கிக்கொண்டுதான் இருப்பாள்.

முதல் வாரம் முழுக்க ரேடியோவுக்கும் கணக்குக்கும் ஒரே விவாதம்தான். விடுதியில் இருப்பது நல்லதா, கெட்டதா?

"அலமாரிக்குச் சாவி இருக்குடீ! நம்ம சோப்ப வேற எவளும் எடுக்க முடியாது," என்பாள் ரேடியோ.

"சோப்பு இருக்கட்டும். குளிக்க இடம் எங்க?"

"பேசறதுக்கு எப்பவும் ஆளு இருக்கு."

"அதான்டீ கெட்டதே. பேசாம இருக்க ஒரு மூலை இல்ல. கொழம்புல உப்பு இல்ல. விளக்க அணைக்கணும்னா மூணு பேரும் ஓட்டுப் போடணும்." கணக்கு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணு நல்லது. இங்க எங்கம்மா இல்ல," என்றாள்.

ரேடியோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா இல்லாததை ஒரு வசதி என்று சொல்லுகிற பெண்ணை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

ரேடியோவின் அம்மா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் நாள் முழுக்க இஸ்திரி போடுகிறவர். ஆள் கெட்டவர் இல்லை, நேரம் இல்லாதவர். வீட்டில் யாரைக் கூப்பிட்டாலும், "பெரியவளே, ரெண்டாவதே, சின்னவளே, ஏய் எவளோ ஒருத்தி, இங்க வா" என்பார். நாலாவது என்று ஒருநாளும் வாயில் வந்ததில்லை. அந்தக் கூட்டத்தில் தன் குரல் எடுபடாது என்று தெரிந்துகொண்ட நாலாவது, மற்றவர்களின் குரலை எடுத்துக்கொண்டாள். அப்பா குரலில் அதட்டித் தன் பங்குப் பாத்திரத்தை அக்கா தலையில் கட்டுவாள். அக்கா குரலில் அம்மாவைக் கூப்பிட்டுத் தங்கையை மாட்டிவிடுவாள். விடுதிக்கு வந்த மூன்றாம் நாள் வார்டன் அம்மா குரலில் சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே அறிவிப்புக் கொடுக்க, மாடியே தட்டோடு இறங்கி ஓடி, கூடம் பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்து அவளைத் துரத்தியது. ரேடியோ என்ற பேர் அப்படி வந்தது.

விடுதியில் ஒரு சட்டம் இருந்தது. முதல் வருடத்துப் பெண்களின் செல்போன்களை வாங்கி அலுவலகப் பீரோவில் வைத்துவிடுவார்கள். முதல் பருவம் முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும். அதுவரைக்கும் மாடிக்கு ஒரு போன், படிக்கட்டுப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருக்கும். மாலை ஆறிலிருந்து ஏழு வரை வீட்டிலிருந்து கூப்பிடலாம். எடுக்கிறவள் அறை எண்ணைச் சொல்லிக் கத்த வேண்டும்.

ரேடியோவின் அம்மா இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார். "இருக்கியா? ஒடம்பு நல்லாருக்கா? சரி, வெச்சிடறேன்." அவ்வளவுதான். கணக்கின் அம்மா அப்படி இல்லை. அவர் தபால் நிலையத்தில் பதிவுத் தபால் கவுண்ட்டரில் இருப்பவர். கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார், எட்டு மாதத்துக்கு ஒருமுறை கரைக்கு வருவார். அந்த அம்மா மனதில் உள்ளதையெல்லாம் கொட்டுவதற்கு இருந்தது இந்த ஒரே மகள்தான். தினமும் ஆறு பத்துக்கு போன் அடிக்கும். என்ன சாப்பிட்டாய், எவ்வளவு சாப்பிட்டாய், ஏன் அவ்வளவுதான் சாப்பிட்டாய், தலைக்கு எண்ணெய் வைத்தாயா, யாரோடு நடந்து போனாய் என்று அரை மணி நேரம் ஓடும்.

"எங்கம்மா கேக்கற கேள்விக்கு பதில் சொல்றதுக்கு தனி ஆபீஸ் தொறக்கணும்," என்பாள் கணக்கு.

ஆறு மணிக்கு நூலகம் காலியாக இருக்கும். கணக்குக்குப் பிடித்த மூலை மேசை கிடைக்கும். ஒருநாள் போனை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வந்தது வினை. அந்த அம்மா பதறிப்போய் வார்டனைக் கூப்பிட, வார்டன் அம்மா சாப்பாட்டுக் கூடத்தில் இருநூறு பேர் முன்னால் கணக்கை எழுப்பி நிற்க வைத்து, "அம்மாகிட்ட பேச உனக்கு நேரமில்லையா?" என்று கேட்டுவிட்டார். கணக்கு அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் ஆறு மணிக்கு அவள் ரேடியோவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எல்லார் மாதிரியும் பேசுவல்ல? என்ன மாதிரி பேசேன். ஒரே ஒரு நாள்."

கணக்கின் குரலில் லேசாக மூக்குச் சத்தம் இருக்கும். 'அம்மா'வை 'அம்மாஆ' என்று கொஞ்சம் இழுத்து, சலிப்போடு முடிப்பாள். ரேடியோவுக்கு அதெல்லாம் கைவந்த கலை. போனை எடுத்தாள். "அம்மாஆ... நேத்து தலவலிம்மா, அதான்," என்றாள். அந்தப் பக்கம் அந்த அம்மா உருகிப்போனார். கால் மணி நேரம் பேசி முடித்து ரேடியோ அறைக்கு வந்து செய்து காட்டியபோது, இரண்டு பேரும் கட்டில் மேல் ஏறிக் குதித்தார்கள். தூங்குமூஞ்சிகூட எழுந்து உட்கார்ந்து, என்ன ஏது என்று கேட்காமலே கைதட்டிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் என்றது வாரத்தில் ஆறு நாள் ஆனது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கணக்கு பேசுவாள், மற்ற நாளெல்லாம் ரேடியோ என்று ஒப்பந்தம். மாடியில் இன்னும் நாலைந்து பெண்களும் இந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மற்ற வீடுகளுக்கு ரேடியோ கடனே என்று பேசுவாள். கணக்கின் அம்மாவோடு மட்டும் அப்படி முடியவில்லை. சாப்பிட்டாயா என்று ஒருத்தர் தன்னிடம், தன் காதில், பதிலுக்குக் காத்திருந்து கேட்கிறார். அது பழக்கமே இல்லாத சுகமாக இருந்தது. பத்து நாளில் அவள் ஐந்தே முக்காலிலிருந்தே போன் பக்கத்தில் நடமாட ஆரம்பித்தாள்.

இதுவரை குறும்பு என்று விட்டுவிடலாம். இதற்கு மேல் அவள் செய்ததற்குத் திருட்டு என்றுதான் பேர்.

இரண்டாவது மாதம் ஒருநாள் நூலகம் மூடியிருந்ததால் கணக்கு சீக்கிரமே அறைக்கு வந்துவிட்டாள். போன் அடித்தது. ரேடியோ ஓடிப்போய் எடுத்து, சத்தத்தைத் தணித்துப் பேசிவிட்டு வந்தாள்.

"எங்கம்மாவா?"

"இல்லடீ. ராங் நம்பர்."

பொய் எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அடுத்த பொய் இன்னும் சுலபமாக வந்தது. "இனிமே ஆறரைக்குக் கூப்பிடும்மா, ஆறு மணிக்கு எனக்கு கிளாஸ்," என்று அந்த அம்மாவிடம் சொன்னாள். ஆறு பத்துக்குச் சில நாள் கணக்கு அறையிலேயே இருந்துவிடுவாள், ஆறரைக்கு ஒருபோதும் இருக்க மாட்டாள். "ஞாயித்துக்கிழம வேண்டாம்மா, லைன் கிடைக்காது," என்றும் சொல்லிவைத்தாள். கணக்கு இரண்டு ஞாயிறு காத்திருந்து பார்த்தாள்.

"எங்கம்மா ஞாயித்துக்கிழம கூப்பிடறதே இல்ல பாத்தியா? பழகிட்டா போல," என்றாள். நிம்மதியாகத்தான் சொன்னாள். ஆனாலும் முகம் ஒரு மாதிரி ஆனதை ரேடியோ பார்த்தாள். பார்த்தும் சும்மா இருந்தாள்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு நாளும் அம்மா சொன்னதைக் கணக்கிடம் ஒப்பிப்பாள். கணக்கு பாதியிலேயே "சரி சரி" என்பாள். போகப்போக ரேடியோ ஒப்பிப்பதையே விட்டுவிட்டாள். என்ன சொன்னா என்று கேட்டால், "சாப்பிட்டியான்னாங்க," என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வாள். மற்றதையெல்லாம் தனக்கென்று வைத்துக்கொண்டாள். தன்னுடைய கஷ்டங்களையும் அந்தக் குரலிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அந்த அம்மாவும் எல்லாவற்றுக்கும் வைத்தியம் சொன்னார்.

பருவத் தேர்வு தொடங்க மூன்று நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை, அந்த அம்மா வழக்கமான கேள்வி எதையும் கேட்கவில்லை.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்லம்மா."

"பயப்படாமக் கேளு. மார்ல ஒரு கட்டி இருக்கு. ரெண்டு வாரமா டாக்டர்கிட்ட போய்ட்டு வந்துட்டு இருக்கேன். உங்க ஊர் பெரிய ஆஸ்பத்திரிலதான் எடுக்கணுமாம். புதன்கிழம பதினோரு மணிக்கு. மாமா கூட வர்றான். அப்பா கப்பல்ல இருக்காரு, அவருக்குச் சொல்லல. உங்கிட்ட மட்டுந்தான் சொல்றேன்."

ரேடியோ போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"புதன்கிழம உனக்குக் கணக்குப் பரீட்சை. நீ அதை எழுதணும். இங்க வரக் கூடாது. வர மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"அம்மா..."

"பண்ணு கண்ணு."

"சத்தியமா வர மாட்டேன்," என்றாள் ரேடியோ, கணக்கின் மூக்குச் சத்தத்தோடு. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. யாருடைய மகள் வர மாட்டாள் என்று யார் சத்தியம் செய்வது?

அறைக்குப் போனாள். நூலகத்திலிருந்து அப்போதுதான் திரும்பிய கணக்கு கட்டில் நிறையத் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னடீ, பேயறஞ்ச மாதிரி வர்ற?" என்றாள். ரேடியோ வாயைத் திறந்தாள். உங்கம்மாவுக்கு ஆபரேஷன் என்று சொன்னால் முடிந்துவிடும். ஆனால் அதைச் சொன்னால், எனக்குச் சொல்லாமல் ஏன் உன்னிடம் சொன்னாள் என்று அடுத்த கேள்வி வரும். ஆறரை மணி வெளியே வரும். ஞாயிற்றுக்கிழமை வெளியே வரும். வாயை மூடிக்கொண்டு குளியலறைப் பக்கம் போய்விட்டாள். சனி போனது, ஞாயிறு போனது, திங்கள் போனது. திங்களும் செவ்வாயும் இரண்டு பரீட்சை எழுதினாள், என்ன எழுதினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெட்கங்கெட்ட மௌனம் அது, அவளுக்கே தெரியும்.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு அந்த அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். குரல் சின்னதாகிப் போயிருந்தது.

"பச்ச கவுன் ஒண்ணு குடுத்திருக்காங்க. பாத்தா நீ சிரிப்ப." குரலை இன்னும் தணித்தார். "பயமா இருக்கு கண்ணு. உங்கப்பா கேட்டா சிரிப்பாரு. உங்கிட்ட சொல்லலாம்ல?"

"சொல்லும்மா."

"அம்மான்னு ஒரு தடவ கூப்பிடு. அதக் கேட்டுட்டு வெச்சிடறேன்."

ரேடியோ கூப்பிட்டாள். இத்தனை நாளில் அதைவிடச் சரியாக அவள் கூப்பிட்டதில்லை. அந்த அம்மா "சரி" என்று வைத்துவிட்டார். ரேடியோ போனைப் பிடித்தபடியே நின்றாள். நாளைக்கு அந்த மேசையில் ஏதாவது ஏடாகூடமாக ஆகிவிட்டால், அந்த அம்மா கடைசியாகக் கேட்ட 'அம்மா' தன் வாயிலிருந்து போனதாக இருக்கும். பெற்ற மகளுடையதாக இருக்காது. போனுக்காகப் பின்னால் நின்றவள், "பேசி முடிச்சிட்டியா இல்லையா?" என்று தோளைத் தட்டினாள்.

அன்றைக்கும் அவளால் சொல்ல முடியவில்லை. மறுநாள் காலை, தேர்வுக் கூடத்துக்கு வெளியே, ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் நிற்கும்போது, ஒன்பதரை மணிக்குச் சொன்னாள்.

"உங்கம்மாவுக்கு இன்னிக்கு ஆபரேஷன்டீ. பதினோரு மணிக்கு."

கணக்கு சிரித்தாள். "பரீட்சை நேரத்துல மிமிக்ரி பண்ணாத. யார் குரல் இது?"

"என் குரல்தான். சத்தியமாடீ. பெரிய ஆஸ்பத்திரி. வெள்ளிக்கிழமயே சொன்னாங்க. உனக்குச் சொல்றதா நெனச்சு எங்கிட்ட சொன்னாங்க. நாந்தான் சொல்லல."

கணக்கின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. வாய் சிரித்தபடி இருக்க, கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. "வெள்ளிக்கிழமயா?" என்றாள். "இன்னிக்கு புதன்டீ." கூடத்தின் கதவைத் திறந்து ஆட்களை உள்ளே விட ஆரம்பித்தார்கள். கணக்கு எதிர்ப்பக்கமாக ஓடினாள். பேனாப் பெட்டி கீழே விழுந்ததைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ரேடியோ அதைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். அவளுக்கும் அன்றைக்குப் பரீட்சைதான். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் நினைக்கவில்லை.

பேருந்தில் ஆறு நிறுத்தம். கணக்கு அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. "வேற என்ன சொன்னா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"கவுண்ட்டர்ல புது மெஷின் போட்டிருக்காங்களாம். அது தபால முழுங்கிடுதாம். பக்கத்து வீட்டுப் பூன உங்க வீட்லயே குட்டி போட்டிருக்காம், நாலு. உங்கம்மா நீச்சல் கத்துக்கறாங்க."

"யாரு?"

"உங்கம்மா. நீ வீட்ல இல்லாததால சாயந்தரம் நேரம் போகலன்னு சேந்தாங்க. குளத்துல துணி மாத்தும்போதுதான் கட்டி கைல தட்டுப்பட்டுதாம்."

"எங்கம்மாவா? எங்கம்மாவுக்கு தண்ணின்னாலே பயம்டீ!" கணக்கு கத்தியதில் முன் இருக்கைக்காரர் திரும்பினார். "எங்கம்மா நீச்சல் அடிப்பாளா? எனக்குத் தெரியாதே. எனக்கு ஒண்ணுமே தெரியாதே!" பிறகு குரல் இறங்கியது. "ஞாயித்துக்கிழம அவ ஏன் கூப்பிடல?"

ரேடியோ அதையும் சொன்னாள். ஆறரையைச் சொன்னாள். ராங் நம்பரைச் சொன்னாள். கணக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவளுக்கு என் மேல அக்கற கொறஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்டீ," என்றாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடி. வாசலிலேயே கணக்கு நின்று, "ஆபரேஷன் முடியற வரைக்கும் அம்மாவுக்கு எதுவும் தெரியக் கூடாது. நீ வாயத் தொறக்கவே கூடாது," என்று விரலை நீட்டிச் சொன்னாள். ரேடியோ தலையாட்டினாள். மாமா ஏதோ தாளில் கையெழுத்துப் போடக் கீழே போயிருந்தார். அந்த அம்மா பச்சைக் கவுனில், தலைக்குத் துணித் தொப்பி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ரேடியோ மூன்று மாதமாக மனதில் வைத்திருந்த அம்மா உயரமாக இருந்தார். இவர் குட்டையாக, மூக்குக்கண்ணாடி போட்டவராக இருந்தார். அந்தக் கண்ணாடி அவளுக்குத் தெரியாது.

மகளைப் பார்த்ததும் அந்த அம்மா திட்டிக்கொண்டே கட்டிக்கொண்டார். "சத்தியம் பண்ணியேடீ! பரீட்சை என்னாச்சு? பாவி, வந்துட்டியா!" கண்ணில் நீர் முட்டியது. உடனே மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இந்தக் கன்னம், அந்தக் கன்னம் என்று அமுக்கினார்.

"வீக்கம் எங்கடீ?"

"என்ன வீக்கம்?"

"கடவாப்பல்லு. நாலு நாளா வாயே தொறக்க முடியலன்னு அழுதியே. வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்புளிச்சியா?"

கணக்கு திருதிருவென்று முழித்தாள். "அது... ஆமாம்மா..." என்று இழுத்தாள். அவளுக்குப் பொய் வராது.

"ஏன்டீ முழிக்கற? பல்லு எப்படி இருக்குன்னு கேக்கறேன்."

கேள்வி ரேடியோவுக்கானது. அதற்குப் பதில் சொல்லியே பழக்கப்பட்ட வாய். வாசல் ஓரத்தில் நின்ற ரேடியோ, தான் எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்துபோய், லேசான மூக்குச் சத்தத்தோடு, "இப்ப பரவால்லம்மாஆ," என்றாள்.

அந்த அம்மா மகளின் வாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது. மகளின் தாடையைப் பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தார். அங்கே ஒரு பக்கக் கன்னம் புடைத்துப்போய், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு பெண் நின்றாள்.

"யாருடீ நீ?"

கணக்குதான் சொன்னாள். நாலு வரியில் சொல்லி முடித்தாள். நூலகம், போன், குரல், மூன்று மாதம். தள்ளுவண்டியோடு வந்த நர்ஸ், "நேரமாச்சும்மா," என்றாள். அந்த அம்மா அவளுக்கு உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். கண் ரேடியோவை விட்டு நகரவில்லை.

"நேத்து அம்மான்னு கூப்பிட்டது?"

"நாந்தான் ஆன்ட்டி." சொந்தக் குரல் கரகரப்பாக வந்தது.

"பயமா இருக்குன்னு நான் சொன்னது?"

"எங்கிட்டதான்."

அந்த அம்மா கவுனை இரண்டு கையாலும் கழுத்து வரைக்கும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். தெரியாதவர்கள் முன்னால் துணி விலகிப்போனால் பெண்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். முகம் சிவந்துவிட்டது. அது கோபம் இல்லை, அவமானம் என்று ரேடியோவுக்குப் புரிந்தது. அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது.

வண்டியில் ஏறிப் படுத்த பிறகு அந்த அம்மா மகளைப் பார்த்தார். "கூப்பிடு," என்றார்.

"என்னம்மா?"

"அம்மான்னு கூப்பிடுடீ. நீ கூப்பிடு."

"அம்மா," என்றாள் கணக்கு. இழுவையும் இல்லை, சலிப்பும் இல்லை. அழுகையில் குரல் உடைந்து வந்தது.

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு திறந்து, திகைத்துப்போனவராக, "வேற மாதிரி இருக்கே," என்றார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டு மணி நேரம். மாமா வந்தார், கணக்கோடு உட்கார்ந்தார். ரேடியோ வராந்தாவின் மறுகோடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போனவர் நல்லபடியாக வெளியே வர வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொண்டாள். அப்புறம் தனக்கு விழப்போகிற திட்டுக்குத் தயாரானாள். என்னவெல்லாம் கேட்பார்? உனக்கு வெட்கமாக இல்லையா என்பார். உங்க வீட்டில் அம்மா இல்லையா என்பார். கன்னத்தில் ஒன்று வைத்தாலும் வைப்பார். வைக்கட்டும். புடைத்த பக்கமே வைக்கட்டும். அவள் அதற்குப் பயப்படவில்லை. சொன்னால் அசிங்கம், அவள் அதற்காகக் காத்திருந்தாள். அவளுடைய வீட்டில் திட்டு விழுந்தால் ஐந்து பேருக்கும் சேர்த்துத்தான் விழும்.

ஒன்றரை மணிக்குக் கணக்கு அறையிலிருந்து வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தாலும் முகம் தெளிந்திருந்தது.

"கண்ணத் தொறந்துட்டா. கட்டிய முழுசா எடுத்துட்டாங்களாம். டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க, பெருசா பயப்படற மாதிரி தெரியலன்னு டாக்டர் சொன்னாரு."

ரேடியோவுக்கு மூச்சு வந்தது. எழுந்து நின்றாள். "பேசினாங்களா?"

"பேசினா. மூணு மாசம் எங்கிட்ட பேசறதுக்கு உனக்கு ஆள் வெக்கணுமான்னு கேட்டா. திட்டினா. ரொம்ப திட்டினா." சொல்லிக்கொண்டே கணக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் பக்கத்துல படுத்துக்கோன்னா."

"என்னப் பத்தி என்ன சொன்னாங்க?"

கணக்கு நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள்.

"உன்னப் பத்தியா? ஒண்ணும் கேக்கலயே."

குத்திக்காட்டுகிற பேச்சு இல்லை அது. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். "நீ கெளம்புடீ. நான் இங்கயே இருந்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

ரேடியோ பெஞ்சில் மறுபடியும் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. சட்டென்று வாயை இறுக்கப் பொத்திக்கொண்டாள். திறந்தால் அது யாருடைய குரலில் வெளியே வருமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.